பெயர் கொடுத்தவர்கள் 200, வருகிறவர்கள் 15: கல்லூரிப் பசுமைக் குழுவை என்ன செய்வது?

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் நீங்கள். சேர்ந்த கையோடு பசுமைக் குழுப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஜூலையில் 200 மாணவர்கள் பெயர் கொடுத்தார்கள், செப்டம்பரில் 15 பேர்தான் வருகிறார்கள். சான்றிதழ் கொடுத்தால் தொடர்ந்து வருவார்களா, வருகைப்பதிவோடு சேர்த்துக் கட்டாயமாக்கிவிடலாமா, செலவுக்குப் பணம் எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஆள் பிடிப்பது பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால், வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க உங்களிடம் என்ன வேலை இருந்தது என்பதுதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. இரண்டு மாதத்தில் ஒரு பேரணி, ஒரு போஸ்டர் போட்டி, ஒரு மரக்கன்று நடும் விழா. மூன்றுக்கும் ஆள் எண்ணிக்கை தேவைப்பட்டது, ஆளின் மூளை தேவைப்படவில்லை. அதைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

நான் தாவரவியல் ஆசிரியர். தென் மாவட்டத்து அரசு உதவிபெறும் கல்லூரியில் நெடுநாள் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராக இருந்தவன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஹாஸ்டலிலேயே தங்கிப் படிக்கும் பெரிய பொறியியல் கல்லூரிகளின் நடைமுறை வேறு. அங்கே நான் வேலை பார்த்ததில்லை என்பதால், இதில் சில அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

முதலில் உங்கள் கவலையில் பாதியைக் குறைத்துவிடுகிறேன். 15 பேர் குறைவில்லை. அன்றாடம் நடக்க வேண்டிய வேலைக்கு அத்தனை பேர் தாராளமாகப் போதும். என்.எஸ்.எஸ். அலகு ஒன்றில் வழக்கமாக 100 பேர் இருப்பார்கள். அதிலும் எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் தானாக முன்வந்து வேலையை இழுத்துச் செல்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். மற்றவர்கள் கூப்பிட்டால் வருவார்கள், வந்தால் ஒழுங்காகச் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 200 பேரையும் ஒரே மாதிரி நடத்தி, எல்லோரையும் ஒரே வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டு, எல்லோரும் எல்லாவற்றுக்கும் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மீதி 185 பேரை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் நிறையக் கைகள் வேண்டியிருக்கும். அன்றைக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது. அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பஸ் நேரத்தைப் பாருங்கள். நம் கல்லூரிகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். மூன்றே முக்காலுக்குக் கல்லூரி பஸ் கிளம்பினால் நான்கு மணிக் கூட்டத்துக்கு யார் இருப்பார்கள்? ஷிப்ட் முறையில் நடக்கும் கல்லூரியானால் காலைப் பிரிவு மாணவன் மதியம் ஜவுளிக்கடையில் நிற்கிறான், இன்னொருவன் கேட்டரிங் வேலைக்குப் போகிறான், வேறொருவன் உணவு டெலிவரி செய்கிறான். அந்தச் சம்பளத்தில்தான் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அரை மணி நேரத் தாமதம்கூட வீட்டில் பதில் சொல்ல வேண்டிய விஷயம். மாலைக் கூட்டத்தை மதிய உணவு இடைவேளைக்கு மாற்றுங்கள், இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்து வருகை கூடியதை எங்கள் கல்லூரியிலும் பக்கத்துக் கல்லூரிகளிலும் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி வேலை. உங்கள் 15 பேரை வைத்து முதலில் எதையும் சுத்தம் செய்யாதீர்கள், எதையும் நடாதீர்கள். அளக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் தினமும் எவ்வளவு சோறு கொட்டப்படுகிறது, எத்தனை குழாய் ஒழுகுகிறது, ஆளில்லாத வகுப்பில் எத்தனை மின்விசிறி ஓடுகிறது என்பது பெரும்பாலான கல்லூரிகளில் யாருக்கும் தெரியாது. முதல்வருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட முதல் ஆள் ஒரு இரண்டாமாண்டு மாணவி என்றால், அவள் அந்த விஷயத்தை விடமாட்டாள். அது அவளுடைய கணக்கு.

எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். தட்டுக் கழுவும் இடத்தில் ஒரு டிரம், பழைய இரும்புக் கடையில் வாங்கிய தொங்குதராசு, ஒரு நீள நோட்டு. மிச்சச் சோறு டிரம்மில் விழும். இரண்டு பேர் முறை வைத்து எடை போட்டு நாள், வேளை, என்ன சாப்பாடு, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதுவார்கள். சாப்பிட வந்தவர்களிடம் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லக்கூடாது என்பது மட்டும் நான் போட்ட கட்டளை. மூன்றாவது வாரம் மெஸ் மாஸ்டர் நோட்டை எட்டிப் பார்த்து, "தினம் எடை போட்டு என்னப்பா கண்டீங்க?" என்று கேட்டார். "அண்ணே, செவ்வாக்கிழமை ராத்திரி உப்புமாதாண்ணே டிரம்மை ரொப்புது. மத்த நாளுக்கு ரெண்டு மடங்கு வருது" என்றான் ஒருவன். மாஸ்டருக்கு முதலில் கோபம். சமையலைக் குறை சொல்கிறான் என்று நினைத்துவிட்டார். அந்தப் பையன் நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை ராத்திரி பாதிப் பேரு ஊர்லேருந்து வரலை, நாம முழு ஆளுக்கு உலை வைக்கிறோம், அதையும் எழுதியிருக்கானே" என்றார். அடுத்த மாதம் உப்புமா போய்க் கோதுமை தோசை வந்தது. ஞாயிறு இரவுக்கு வருகிறவர்கள் மதியமே பெயர் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. விழிப்புணர்வுப் பதாகை ஒன்றுகூட வைக்கவில்லை. எடை போட்ட பிள்ளைகள் அந்த ஆண்டு முழுக்க விலகவில்லை, ஏனென்றால் அவர்கள் சொல்லி ஒன்று மாறியது.

இதில் கவனிக்க வேண்டியது, முடிவெடுக்கக்கூடிய ஆள் பக்கத்திலேயே இருந்தார். மாணவர்கள் கண்டுபிடித்ததைக் கேட்டுப் பதில் சொல்லும் கடமை உள்ள ஒருவர் ஒவ்வொரு வேலைக்கும் வேண்டும். குழாய் ஒழுகலுக்கு எஸ்டேட் அலுவலரோ மேலாளரோ, மின்சாரத்துக்கு எலக்ட்ரீசியன், மெஸ்ஸுக்கு வார்டன். இப்படி ஒருவரை முதல்வர் எழுத்தில் நியமிக்க வேண்டும், மாதம் ஒருமுறை அவர் மாணவர்களோடு உட்கார வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. அறிக்கை எழுதி எழுதிப் பதில் வராமல் போனால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது 'சொன்னாலும் ஒன்றும் நடக்காது' என்பதைத்தான். அந்தப் பாடத்தை நாம் கற்பிக்க வேண்டாம்.

குழாய்க் கணக்கு எளிது. ஒழுகும் குழாயின் கீழ் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். மின்விசிறியும் அப்படித்தான். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய பி.எல்.டி.சி. மோட்டார் வகை 28 முதல் 35 வாட் வரை. எட்டு மணி நேரம் ஓடும் 300 மின்விசிறிகளை மாற்றினால் நாளொன்றுக்குச் சுமார் 100 யூனிட் மிச்சம். இதை இயற்பியல் துறைப் பிள்ளைகள் கல்லூரியின் மின்கட்டண ரசீதோடு சேர்த்து அலுவலகத்தில் வைத்தால், எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்று கணக்காளரே கூட்டிப் பார்க்கத் தொடங்குவார்.

குப்பை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலான குழுக்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பச்சை, நீலம் என்று இரண்டு தொட்டி வாங்கி வைத்து, மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பிரித்துப் போடச் சொல்வோம். மாலையில் ஒரே வண்டி வந்து இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவன் மறுநாள் வரமாட்டான், வராததில் நியாயமும் இருக்கிறது. ஆகவே கடைசி முனையிலிருந்து தொடங்குங்கள். காகிதத்தையும் அட்டையையும் பாட்டிலையும் எந்தக் காயலான் கடைக்காரர் எடுப்பார், என்ன விலை, எந்தக் கிழமை வருவார்? ஈரக் குப்பை வளாகத்துக்குள் எங்கே மக்கும்? இவை முடிவான பிறகு தொட்டி வாங்குங்கள். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் கல்வி நிறுவனங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் பட்டியலில் வைத்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும் என்றும், குப்பையை எரிக்கக்கூடாது என்றும் சொல்லின. நிர்வாகத்திடம் பேசும்போது இது கைகொடுக்கும். மாணவர் ஆசை என்று சொல்வதைவிடச் சட்டக் கடமை என்று சொன்னால் காது கொடுப்பார்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். உங்கள் வளாகத்தில் குப்பையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அங்கே பெருக்கும் தூய்மைப் பணியாளர். எந்த மாடியில் என்ன சேரும், எந்தத் துறை விழாவுக்குப் பிறகு தெர்மாகோல் குவியும் என்று அவர் சொல்வார். முதல் கூட்டத்துக்கு அவரை அழைத்து நாற்காலியில் உட்கார வைத்து, பிள்ளைகள் அவரிடம் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும். அதே சமயம் தன்னார்வலர்களைக் காட்டி அவருடைய வேலை நாளையோ சம்பளத்தையோ நிர்வாகம் குறைக்க முயன்றால் நீங்கள் குறுக்கே நிற்க வேண்டும். ஆய்வகக் கழிவு, உடைந்த கண்ணாடி, கழிப்பறைக் கழிவு ஆகியவற்றை மாணவர்கள் தொடவே கூடாது.

யார் கையில் துடைப்பம் போகிறது என்பதையும் பாருங்கள். சும்மா விட்டால் பையன்கள் மண்வெட்டியோடு போட்டோவுக்கு நிற்பார்கள், பெண்கள் கோலமும் போஸ்டரும் போடுவார்கள், பெருக்கும் வேலை மட்டும் குறிப்பிட்ட சில பிள்ளைகள் பக்கமே போய்ச் சேரும். ஏன் சேருகிறது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லாது, அமைதியாக வருவதை நிறுத்திவிடும். அகர வரிசையில் முறை போட்டு, எல்லா வேலையும் எல்லோருக்கும் சுற்றி வரும்படி பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆசிரியராகிய நீங்களும் உங்கள் முறை வரும்போது பெருக்குங்கள். குழுவின் நேர்மையை மாணவர்கள் இதில்தான் எடைபோடுவார்கள்.

ஈரக் குப்பையை உரமாக்கும் மட்குக் குழி தொடங்கினால் முதல் மாதத்தில் நாற்றம் என்ற புகார் வரும், பாதிக் குழிகள் அதோடு மூடப்படும். காரணம் எப்போதும் ஒன்றுதான்: ஈரச் சோறு அதிகம், காய்ந்த இலை குறைவு, காற்று போகவில்லை. கரிமம் 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்பது பாடப்புத்தகக் கணக்கு. கைக்கணக்கில், ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு. பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். சரியாகப் போட்டால் சில நாளில் நடுக்குவியல் கை வைக்க முடியாத சூடாகும். அந்தச் சூட்டை முதல்முறை தொட்டுப் பார்க்கும் மாணவனின் முகத்தைப் பாருங்கள், நுண்ணுயிர்ப் பாடம் அவனுக்கு அங்கேதான் விளங்கும். சருகுக்கு அலைய வேண்டியதில்லை. தோட்டக்காரர் தினம் கூட்டி எரிப்பது அதுதானே. எரிப்பு நிற்பதும் மட்கு கிடைப்பதும் ஒரே வேலையில் முடிகிறது.

மரம் நடுவது பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக அன்று நடுகிறோம். நம் மாநிலத்தின் பெரும்பகுதியில் அது வெயில் தணியாத காலம். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கன்னியாகுமரி போலத் தென்மேற்குப் பருவம் நன்றாகப் பெய்யும் இடங்கள் தவிர, மற்ற இடங்களில் ஜூனில் விழா நடத்துவது கன்றுக்குக் கெடுதல். ஜூனில் குழியைக் குறித்து வையுங்கள், ஆடி, ஆவணியில் தோண்டி ஆறவிட்டு மட்கு போடுங்கள், புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை என்று அந்த மண்ணில் ஏற்கெனவே நிற்பதை நடுங்கள். நடுவதைவிடப் பெரிய கேள்வி, ஏப்ரல் இறுதியில் கல்லூரி மூடிய பிறகு ஜூன் வரை யார் தண்ணீர் ஊற்றுவார் என்பது. பக்கத்து ஊர் மாணவர் இரண்டு பேருக்கு அதற்குக் கூலி கொடுத்தால் தப்பில்லை. நூறு கன்று நட்டுப் பத்துப் பிழைப்பதற்குப் பதில் இருபது நட்டு இருபதையும் காப்பாற்றினால், மூன்றாமாண்டு முடித்துப் போகிறவன் தன் மரத்தைக் காட்டிவிட்டுப் போவான்.

இனி சான்றிதழும் கட்டாயமும். கட்டாயமாக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே பட்டப் பாடத்திட்டத்தின் பகுதி ஐந்தில் விரிவாக்கப் பணிக்கு மதிப்பெண் அலகு (கிரெடிட்) இருக்கிறது. என்.எஸ்.எஸ்.ஸில் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. செய்த வேலையை அந்த மணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அது அவர்களுடைய உரிமை. வேலை நேரத்தில் எடை போடப் போனவருக்கு ஓ.டி. (கல்லூரிப் பணியில் இருந்ததாக வருகைப்பதிவு) வாங்கிக் கொடுங்கள், அதற்காக அவர்களைத் துறைத்தலைவரிடம் கெஞ்ச வைக்காதீர்கள். ஆனால் வராதவருக்கு வருகைப்பதிவைக் குறைப்பது வேறு. அப்படிச் செய்தால் 200 பேரும் வருவார்கள், உங்கள் பதினைந்து பேருக்கு இருந்த பெருமை போய்விடும். சான்றிதழ் விஷயத்தில் என் அனுபவம் இரண்டு பக்கமும் பேசுகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒரு காகிதம் உண்மையிலேயே உதவுகிறது, அதை அற்பமாக நினைக்கக்கூடாது. ஆனால் முதல் நாளே அறிவித்தால் காகிதத்துக்காக வருகிறவர்கள் நிறைந்துவிடுகிறார்கள். ஆண்டு முடிவில், என்ன செய்தார் என்று நாலு வரி எழுதிக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'பங்கேற்றார்' என்று எழுதாமல், 'விடுதி உணவுக் கழிவை ஓராண்டு அளந்து உணவுப் பட்டியல் மாறக் காரணமாக இருந்தார்' என்று எழுதுங்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்குப் படம் வேண்டும், எடுத்த இடம் பதிவாகும்படி ஜியோ டேக் போட்டு வேண்டும் என்று அலுவலகம் கேட்கத்தான் செய்யும். அந்த மதிப்பீட்டில் பசுமை வளாகம், ஆற்றல் தணிக்கை எல்லாம் வருவதால் அதைத் தவிர்க்க முடியாது. வேலை நடக்கும்போது ஒருவர் படம் எடுத்துக்கொள்ளட்டும். படத்துக்காக வேலை நடத்த வேண்டாம். எடை நோட்டின் பக்கங்களை அப்படியே இணைத்துக் கொடுங்கள், பேரணிப் படத்தைவிட அது வலுவான ஆவணம்.

மூன்று ஆண்டில் எல்லோரும் போய்விடுவார்கள் என்பதை முதல் நாளிலிருந்தே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இரண்டாமாண்டு, ஒரு முதலாமாண்டு என்று இருவரைச் சேர்த்துப் போடுங்கள். மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு டிசம்பருக்குப் பிறகு வேலை கொடுக்காதீர்கள், அவர்களுக்கு புராஜெக்ட் இருக்கும், வேலைவாய்ப்பு நேர்காணல் இருக்கும். நோட்டுகள் துறை அலமாரியில் இருக்கட்டும், யாருடைய செல்போனிலும் மட்டும் இருந்துவிடக் கூடாது. இந்தப் பழக்கம் கல்லூரியை விட்டுப் போன பின்னும் அவர்களோடு போகுமா என்றால், போன சிலரைப் பார்த்திருக்கிறேன், மறந்த பலரையும் பார்த்திருக்கிறேன். வாழ்க்கை முழுக்க மாறிவிடுவார்கள் என்ற வாக்குறுதியை நிர்வாகத்துக்குக் கொடுத்து விடாதீர்கள்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் பருவத்துக்கு ஒரு தராசு, நான்கு டிரம், நோட்டு, கையுறை, ஒரு மண்வெட்டி போதும். துறைச் செலவிலேயே அடங்கிவிடும். காயலான் கடையில் காகிதம் விற்ற பணத்தை அலுவலகக் கணக்கில் கரைய விடாமல், குழுவின் பெயரில் தனியாக வரவு வைக்க முதல்வரிடம் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதன் வரவு செலவை ஒரு மாணவரும் ஒரு தூய்மைப் பணியாளரும் சேர்ந்து எழுதட்டும், ஒவ்வொரு மாதமும் பலகையில் ஒட்டட்டும். பெரிய கருவி, உயிரிவாயு கலன் என்றெல்லாம் யாராவது விற்க வந்தால், உங்கள் மெஸ் நோட்டில் ஒரு முழுப் பருவத்துக் கணக்கு சேரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை கிலோவுக்குக் கலன் வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.